உறிஞ்சு குழாயின் கதை

மதுரையில் காளவாசல் சந்திப்பை அறியாதவர் குறைவு. தேனி சாலையும் புறவழிச் சாலையும் சந்திக்கும் இடம் அது. செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளையை நம் பக்கத்து மக்கள் 'காளவாசல்' என்பார்கள். அதே சொல் இந்தப் பகுதிக்கும் பெயராக வழங்குகிறது. 2020-ஆம் ஆண்டில் இங்கே மேம்பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் பாலத்துக்குக் கீழே சைகை விளக்குக்காக வண்டிகள் காத்துக் கிடப்பது ஓயவில்லை. அப்படிக் காத்திருக்கும் வேளையில், உருளை வடிவத் தொட்டியும், அதன் பக்கவாட்டில் மலைப்பாம்பு போலச் சுருட்டி மாட்டிய பருத்த குழாயுமாக ஒரு லாரி வந்து நம் அருகே நின்றால் நாம் என்ன செய்கிறோம்? கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். விளக்குப் பச்சைக்கு மாறியதும் விரைகிறோம்.

வாசகரே, அந்தக் குழாயைச் சற்று நின்று பார்க்குமாறு உங்களை அழைக்கிறேன். மலத்தொட்டியில் ஒரு குழாயின் முனையைச் செருகுவதும், மறு முனையை லாரியில் பொருத்துவதும் மிகச் சிறிய வேலைகள். ஆனால் அந்த வேலை மனிதனுக்குக் கைகூட முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. அதற்குப் பின்னும் அது முழுமையாகக் கைகூடவில்லை என்பதே இக்கட்டுரையின் செய்தி.

எங்கள் சந்தில் நடந்தது

நான் குடியிருக்கும் வாடகை வீடு காளவாசலுக்கு அருகே ஒரு குறுகிய சந்தில் இருக்கிறது. அண்மையில் அவ்வீட்டின் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. அழைத்த லாரி சந்துக்குள் நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றது. வந்த இரு தொழிலாளர்களும் குழாய்த் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டே வீடுவரை வந்து, முனையைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். எந்திரம் ஓடியது, கழிவுநீர் ஏறவில்லை. மூத்தவர் குழாய் நெடுகிலும் காதைச் சாய்த்தபடி நடந்தார். மூன்றாவது இணைப்பில் நின்றார். "இங்கனதான் காத்து வாங்குது" என்று சொல்லி, பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை இறுக்கிச் சுற்றினார். லாரியில் இருந்த அழுத்தமானியின் முள் நகர்ந்தது. குழாய் ஒருமுறை உதறிக்கொண்டு இழுக்கத் தொடங்கியது.

நீர் வடிந்த பிறகு அடியில் கெட்டியான சேறு தங்கிவிட்டது. வீட்டுக்காரர் சொன்னார்: "ஏப்பா, ஒரு ஆளு எறங்கி வாளியில அள்ளிவிட்டா முடிஞ்சுதே?" மூத்தவர் தலையசைத்தார். "எறங்கக் கூடாது சார். நாலு கொடம் தண்ணி குடுங்க, கலக்கி இழுத்துப்புடலாம்."

ஆண்டுதோறும் வகுப்பில் காற்றழுத்தத்தை நடத்துகிறவன் நான். அந்தத் தொட்டிக்குள் எந்த வாயு நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் வீட்டுக்காரர் பேசியபோது நான் வாய் திறக்கவில்லை. மறுத்துச் சொன்னவர் அந்தத் தொழிலாளிதான். அந்த உறுத்தலே என்னை இதை எழுதவைத்தது.

பத்து மீட்டர் புதிர்

உறிஞ்சுதல் என்றால் என்ன? குழாய்க்குள் இருக்கும் வெற்றிடம் நீரை மேலே 'இழுக்கிறது' என்று பலரும் எண்ணுகிறோம். பண்டைக் காலத்தவரும் அப்படித்தான் எண்ணினர்; இயற்கைக்கு வெற்றிடம் ஆகாது, எனவே அதை நிரப்ப நீர் ஓடிவருகிறது என்றனர். ஆனால் கிணறு இறைக்கும் பம்பு செய்வோருக்கு ஓர் இடர் இருந்தது. எவ்வளவு நேர்த்தியான பம்பாக இருந்தாலும், ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீர் ஏற மறுத்தது. 1638-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் கலிலியோ இந்தப் புதிரைக் குறிப்பிட்டார்.

விடை கண்டவர் அவருக்குப் பின் வந்த டாரிசெல்லி. 1643-இல் அவர் வகுத்த சோதனையில், ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தபோது, பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. பாதரசத்தை மேலே இழுப்பது எதுவுமில்லை. வெளியே உள்ள காற்றின் எடைதான் கிண்ணத்துப் பாதரசத்தை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது. நீர் பாதரசத்தைவிட 13.6 மடங்கு இலேசானது. எனவே நீராக இருந்தால் 10.3 மீட்டர் ஏறும். புதிர் அவிழ்ந்தது. எங்கள் சந்தில் குழாயைத் தொட்டிக்குள் இறக்கியபோது கழிவுநீரை மேலே தள்ளியது லாரி அன்று. மதுரைக்கு மேலே கவிந்திருக்கும் காற்றுக்கடல். லாரி செய்ததெல்லாம், தன் தொட்டிக்குள் இருந்த காற்றை வெளியேற்றி வழிவிட்டதுதான்.

காற்றை இறைக்கும் பம்பை ஜெர்மனியில் மாக்டிபர்க் நகரத் தலைவராக இருந்த ஆட்டோ வான் கெரிக்கே 1650-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். இரண்டு உலோக அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை அகற்றியபின், இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியாமற்போன அவருடைய செயல்விளக்கத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அரைமீட்டர் விட்டமுள்ள அத்தகைய கோளத்தைக் காற்று சுமார் 2 டன் எடைக்குச் சமமான விசையோடு சேர்த்துப் பிடிக்கிறது. இந்த உண்மைக்கும் எங்கள் சந்தில் சுற்றப்பட்ட சைக்கிள் டியூபுக்கும் உறவு உண்டு; அதைப் பின்னர்க் காண்போம்.

ஓவியர் செய்த குழாய்

காற்றை அகற்றும் பம்பு கிடைத்துவிட்டது. வளையும் குழாய் வேண்டுமே! அதைத் தந்தவர் ஓர் ஓவியர். ஆம்ஸ்டர்டாம் நகரின் கட்டடங்களைச் செங்கல் செங்கல்லாகத் தீட்டிப் புகழ்பெற்ற யான் வான் டெர் ஹைடன், தம் சகோதரருடன் சேர்ந்து 1672-ஐ ஒட்டித் தீயணைப்புக்கான தோற்குழாயை அமைத்தார். தோலைச் சுருட்டித் தைத்து, 50 அடித் துண்டுகளாக்கி, முனைகளில் பித்தளைப் பூட்டுகளைப் பொருத்தினார். வேண்டிய நீளத்துக்குத் துண்டுகளை மேலும் மேலும் பூட்டிக்கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. எங்கள் தெருமுனையில் நடந்ததும் இதேதான்.

நீரைத் தள்ளும் குழாய்க்கும் உறிஞ்சும் குழாய்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தள்ளும் குழாயை உள்ளிருக்கும் நீரே விரித்துப் பிடிக்கிறது. உறிஞ்சும் குழாயை வெளிக்காற்று நசுக்கப் பார்க்கிறது. காகித உறிஞ்சியால் இளநீர் குடிக்கும்போது வழுக்கை அடைத்துக்கொண்டால் உறிஞ்சி சப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். இதைத் தடுக்கக் குழாய்க்குக் கம்பிச் சுருளால் வலுவூட்டும் முறை தோன்றியது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்ட பிறகு, தோலின் இடத்தை ரப்பர் பிடித்தது. இன்று லாரிகளில் காணும் பிளாஸ்டிக் குழாயிலும், சுவருக்குள் கெட்டியான சுருள் ஓடுவதைத் தடவிப் பார்த்தாலே உணரலாம்.

வீட்டடித் தொட்டிகள்

இனி, குழாயின் மறுமுனைக்கு வருவோம். இலண்டன் மாநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வீடுகளின் அடியில் மலக்குழிகள் இருந்தன. இரவில் ஆட்கள் வந்து வாளியால் அள்ளிச் சென்றனர். 1854-இல் பிராட் தெருவில் காலரா நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. அத்தெருவின் குடிநீர்ப் பம்பையே டாக்டர் ஜான் ஸ்நோ சுட்டிக்காட்டினார். பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த வீட்டின் மலக்குழி ஒழுகுவதும், குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி ஒரு மீட்டர்கூட இல்லை என்பதும் தெரியவந்தன. தொட்டியை ஒழுகாமல் கட்டவும் உரிய காலத்தில் காலிசெய்யவும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1860-ஐ ஒட்டிப் பிரான்சில் லூயி மூராஸ் என்பவர், கழிவு உள்ளே வந்து தங்கித் தெளிந்த நீர் மட்டும் வெளியேறும் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். 1881-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1890-களில் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் இத்தகைய தொட்டியை மேம்படுத்தி 'செப்டிக் டேங்க்' என்று பெயரிட்டார். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் உள்ளே கழிவைச் சிதைக்கின்றன. ஆனால் முழுவதையும் அவை தின்று தீர்ப்பதில்லை. அடியில் சேறு ஆண்டுக்காண்டு உயர்கிறது. ஆகவே செப்டிக் டேங்க் என்பது பாதித் தீர்வுதான். மறுபாதியை முடிக்க, காலத்துக்குக் காலம் யாராவது வந்து சேற்றை எடுத்தாக வேண்டும்.

காற்றை மட்டும் இறைக்கும் எந்திரம்

கையால் அள்ளாமல் எடுக்க முடியுமா? டச்சுப் பொறியாளர் சார்லஸ் லியர்னூர் முடியும் என்றார். 1870-களில் ஆம்ஸ்டர்டாம், லெய்டன் முதலிய நகரங்களின் சில பகுதிகளில் அவருடைய முறை அமைந்தது. வீட்டுக் கழிப்பறைகளிலிருந்து இரும்புக் குழாய்கள் தெருவுக்கு அடியிலுள்ள காற்றுப்புகாத தொட்டிக்குச் செல்லும். நீராவிப் பம்பு காற்றை உறிஞ்சியதும் அடைப்பிதழைத் திறப்பார்கள். கழிவு சீறிக்கொண்டு தொட்டிக்கு வரும். இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: கழிவு பம்புக்குள் நுழைவதே இல்லை. பம்பு காற்றை மட்டும் இறைக்கிறது. கழிவு தொட்டியோடு நின்றுவிடுகிறது. துணியோ மண்ணோ வந்தாலும் பம்பு அடைபடாது. நம் லாரிகள் இன்றளவும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

ஆசியாவிலும் ஒரு முன்மாதிரி உண்டு. ஜப்பானில் வீட்டு மலத்தை உழவர்கள் எருவுக்காக வாங்கிச் செல்வது வழக்கம். இரசாயன உரம் பெருகியதும் அவ்வழக்கம் தேய்ந்தது. அகப்பையும் வாளியும் கொண்டு அள்ளும் பொறுப்பு நகராட்சிகளின் தலையில் விழுந்தது. காவாசாகி நகரில் 1951-ஆம் ஆண்டில் வெற்றிடப் பம்பு பூட்டிய லாரியை உருவாக்கினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் நாடு முழுவதும் அது பரவியது. பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளிலும், வாளி தூக்கும் ஆளின் இடத்தைக் குழாய் பிடித்தது.

நம் நாட்டில் நடந்ததோ வேறு. 'எடுப்புக் கக்கூஸ்' என்ற சொல்லை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொல்லைப்புறத் திறப்பின் வழியே கையாலும் தகரத்தாலும் வாரி, தலையில் சுமந்து செல்லும் வேலை, பிறப்பின் பெயரால் ஒரு சில சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்தது. தலைச்சுமையை ஒழிக்க வழிகாண 1957-இல் மத்திய அரசு மல்கானி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அறிக்கை 1960-இல் வந்தது. ஆனால் எடுப்புக் கழிப்பறை கட்டுவதையும், அதற்கு ஆள் வைப்பதையும் தடைசெய்யும் சட்டம் 1993-இல்தான் இயற்றப்பட்டது. செய்யும் ஆளுக்குக் கூலி குறைவாகவும் குரல் இல்லாமலும் இருந்தவரை, எந்திரத்தைத் தேடும் அவசரம் எவருக்கும் ஏற்படவில்லை. அறிவியல் கிடைக்காததால் வந்த தாமதம் அன்று இது. டாரிசெல்லியின் சோதனைக்கும் 1993-க்கும் இடையே 350 ஆண்டுகள்!

இணைப்பில் உள்ள இயற்பியல்

இப்போது மீண்டும் குழாய் இணைப்புக்கு வருவோம். 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயின் வாய்ப் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. லாரியின் அழுத்தமானி 500 மி.மீ. பாதரச அளவு வெற்றிடம் காட்டினால், இணைப்பின் இருபுறத்தையும் காற்று ஏறத்தாழ 50 கிலோ எடையளவு விசையோடு நெருக்குகிறது. அது சின்ன மாக்டிபர்க் கோளமே. ரப்பர் வாஷர் சரியாக அமர்ந்திருந்தால், உறிஞ்சும் இணைப்புத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும்.

ஆனால் ஒழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கழிவு வெளியே சொட்டாது; காற்றுதான் உள்ளே நுழையும். அதனால்தான் அந்தத் தொழிலாளி கண்ணை நம்பாமல் காதை நம்பினார். மாறாக, லாரி தன் தொட்டியை வெளியேற்றும்போது காற்றை உள்ளே அழுத்தினால் நிலைமை தலைகீழாகும். அதே விசை இப்போது இணைப்பைப் பிரித்தெறியப் பார்க்கும். நெம்புகோல் பூட்டு இல்லாமல் வெறும் செருகலை நம்பினால், குழாய் கழன்று எதிரே நிற்பவரின்மேல் கழிவு பாயும். ஆக, ஒரே இணைப்பு ஏற்றும்போது ஒருவகையாகவும் இறக்கும்போது மறுவகையாகவும் நடந்துகொள்கிறது.

மேலை நாடுகளில் வீடுபோல் அமைந்த பயண ஊர்திகளில் இதே வேலை பம்பு இல்லாமல், புவியீர்ப்பால் நடக்கிறது. திரைப்படப் படப்பிடிப்புகளில் காணும் 'கேரவன்' அதற்கு உறவுதான். அவ்வூர்திகளில் கழிப்பறை நீருக்கு ஒரு தொட்டி, குளியல் நீருக்கு ஒரு தொட்டி. குழாயைத் திருகிப் பூட்டி, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறப்பார்கள். அடுத்துக் குளியல் நீரைத் திறந்தால் அது குழாயைக் கழுவிவிடும். அங்கே ஊர்தியின் சொந்தக்காரரே கையுறை மாட்டிக்கொண்டு தம் குழாயைப் பூட்டுவது வழக்கம். அதை இழிவாக யாரும் கருதுவதில்லை. அதே கழிவு, அதே குழாய். பூட்டும் கை யாருடையது என்பதுதான் வேறுபாடு.

குழாய் வந்த பின்னும்

சேறு கெட்டியாகிவிட்டால் காற்றழுத்தம் எவ்வளவு தள்ளினாலும் அது பாயாது. 'ஒரு ஆளு எறங்கினால் போதும்' என்ற பேச்சு எழுவது அப்போதுதான். அங்கே காத்திருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அது காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு கனமானது. ஆகவே குழியின் அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணத் தோன்றும். ஆயிரம் பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்வார். சேற்றைக் கிளறும்போது அடைபட்டிருந்த வாயு திடீரெனப் பீறிடுவதால், சற்று முன்வரை இருந்த நிலையை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

காளவாசலிலிருந்து புறவழிச் சாலையில் சென்றால் பழங்காநத்தம் வெகுதூரமில்லை. 2022 ஏப்ரலில் அப்பகுதியில் உள்ள கழிவுநீரேற்று நிலையத்தின் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்குவதைத் தடைசெய்த சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அப்படி மாண்டோர் குடும்பத்துக்குப் 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டமும் இருக்கிறது, எந்திரமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இன்னமும் மனிதர் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

நம் பங்கு

இதில் நமக்குப் பங்கு உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலிசெய்தால் சேறு இறுகாது, குழாயே போதும். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தால் பாறைபோல் ஆகிவிடும். தொட்டியின் மூடியைத் திறக்கும்படி வையுங்கள். மேலே தளக்கல் பதித்து மறைத்துவிடாதீர்கள். கெட்டிச் சேறு இருந்தால் நீர் ஊற்றி, வெளியே நின்றபடியே நீண்ட கழியால் கலக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நான்கு குடம் போதவில்லை; பத்துக் குடம் ஆயிற்று. அதற்கான நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். எடுத்ததை எங்கே கொட்டுவீர்கள் என்றும் கேளுங்கள். நகரில் அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கையில், கண்மாயிலும் ஓடையிலும் திறந்துவிட்டால் பிராட் தெருக் கிணற்றின் கதைதான் திரும்பும்.

அன்று வேலை முடிந்ததும் அந்த மூத்தவர் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் உயர்த்தி வடித்து, சுருட்டி லாரியில் மாட்டினார். சைக்கிள் டியூபை அவிழ்க்கவில்லை. "புது வாஷர் கேட்டிருக்கேன் சார், வந்ததும் மாத்தணும்" என்றார். எந்த அளவு என்று கேட்டேன். நான்கு அங்குலம் என்றார். அடுத்த வாரம் வகுப்பில் டாரிசெல்லி குழாயை நடத்தியபோது, கரும்பலகையில் பாதரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரியையும், தொட்டியையும், இடையே மூன்று இணைப்புள்ள குழாயையும் வரைந்தேன். "காற்று எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "காதை வச்சுப் பாக்கணும் சார்" என்றார். அவருடைய தந்தைக்கு அதுதான் தொழில் என்பது பிறகு தெரிந்தது.